பாப்பாவின் மழைக்கோட்டு

மூன்றாவது கட்டுரையில் மழைக்கோட்டு வந்தது. அதுவரை பாப்பாவின் விரல்கள் கீபோர்டில் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. எழுதியவர் பஸ் டிரைவர். பாப்பா வீட்டுச் சந்திலேயே பதினோராம் நம்பர் வீட்டுக்காரர். கோடு போட்ட நோட்டுத் தாளில், ஸ்டியரிங்கைத் திருப்புகிற அதே பலத்தோடு பேனாவை அழுத்தி எழுதியிருந்தார். 'எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டே வந்தேன். ஏழாம் நம்பர் அம்மா வாசலில் இருந்து பார்த்துவிட்டு ஓடிவந்தார். தன் முந்தானையால் என் தலையைத் துவட்டி, நீல மழைக்கோட்டைப் போட்டுவிட்டார். அன்றைக்கு என் உடம்பில் ஏறிய சூடு இன்றுவரை இறங்கவில்லை.' பாப்பா 'நீல' என்று அடித்துவிட்டு நிறுத்தினாள். அந்தக் கோட்டின் ஒவ்வொரு பித்தானிலும் ஒரு நங்கூரம் இருக்கும். கழுத்துப் பட்டியின் உள்பக்கம் 'பாப்பா' என்று மையால் எழுதியிருக்கும். எழுதியது அவளேதான். வாங்கிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அவள் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். சூடு ஏறவில்லை, சளிதான் ஏறியது.

பாப்பாவுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. முன் நெற்றியில் நரை, மூக்கில் கண்ணாடி, முட்டியில் வலி எல்லாம் வந்தாகிவிட்டது. பெயர் மட்டும் வளரவில்லை. சந்தில் இருபத்திரண்டு வீடுகளுக்கும் அவள் பாப்பாதான். பத்தொன்பது வருடமாக இந்த அச்சகத்தில் டைப் அடிக்கிறாள். திருமண அழைப்பிதழ், கடை நோட்டீஸ், பரீட்சை வினாத்தாள், யாரோ எழுதிய கவிதைத் தொகுப்பு என்று எது வந்தாலும் அடிப்பாள். இப்போது வந்திருப்பது அவளுடைய அம்மா. 'ஏழாம் நம்பர் அம்மா: நினைவு மலர்'. முப்பத்திரண்டு பக்கம், அச்சுக் கணக்கில் இரண்டு பாரம்.

அம்மா போய் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. மலர் போடுகிற யோசனை அண்ணனுடையது. அண்ணன் இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய அதிகாரி, வேறு ஊரில் குடித்தனம். வருடத்துக்கு இரண்டு தடவை வந்து, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, 'எப்படி இளைச்சுட்டீங்க' என்று கண்கலங்கிவிட்டுப் போவான். கண்கலங்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீடு வீடாகப் போய், போனில் பேசி, கட்டுரைகளை வாங்கித் தங்கைக்கு அனுப்பியதும் அவன்தான்.

"பாப்பா, எல்லாம் அனுப்பிட்டேன். முப்பத்தோராம் பக்கம் உனக்கு விட்டிருக்கேன். 'மகள்'னு தலைப்பு போட்டு நாலு வரி எழுதிடு."

"எனக்கு எழுத வராதுண்ணா."

"பத்தொம்பது வருஷமா ஊர்ல இருக்கறவன் எழுதறதையெல்லாம் அடிக்கற. உனக்கு வராதா? அம்மாவைப் பத்தித்தானே, தானா வரும்."

அவனுக்கு வந்தது. நான்கு பக்கத்துக்கு வந்தது.

அம்மாவின் அன்பு பொய் என்று யாராவது சொன்னால் பாப்பாவே சண்டைக்குப் போவாள். பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்! அது நிஜம். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால், இருமுவது குழந்தையா பெரியவரா, எத்தனை நாளாக இருமல் என்று இந்தப் பக்கத்திலிருந்து அம்மா சொல்லிவிடுவாள். அடுத்த அரை மணி நேரத்தில் மூடி போட்ட பாத்திரம் ஒன்று அந்த வீட்டுக்குப் போகும். யார் வந்தாலும் இரண்டு கன்னத்தையும் இரண்டு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு 'சாப்பிட்டியா' என்று கேட்பாள். அந்த உள்ளங்கைக்காகவே சந்தில் பாதிப்பேர் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு ஏழாம் நம்பருக்கு வந்துபோனார்கள். டிரைவரின் அம்மா காய்ச்சலில் பதினொரு நாள் படுத்திருந்தபோது அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஐந்து பேருக்கும் மூன்று வேளைச் சாப்பாடு இங்கிருந்து போனது. மலரிலும் அது வந்திருந்தது. 'அம்மாவின் கைமணம்' என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பதினொரு நாளும் கரண்டி பிடித்த கை பாப்பாவுடையது. அம்மா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மாவால் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்ய முடியும். அன்பு செலுத்துகிற வேலையே அவளுக்கு நாள் முழுக்க இருந்தது.

எதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து நிற்கும்போது அம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வாள். மழைக்கோட்டுக்கும் அதையேதான் சொன்னாள். "அதுங்களுக்கு யாரு இருக்கா, சொல்லு. உனக்குத்தான் நான் இருக்கேனே." சொல்லிவிட்டுக் கன்னத்தை ஏந்துவாள். ஏந்திய உடனே வாசலில் யாராவது கூப்பிடுவார்கள், கை போய்விடும்.

ஐந்தாவது கட்டுரை தலைமை ஆசிரியருடையது. பதினேழாம் நம்பரில் எட்டுப் பேர் இருந்த ஒற்றை அறையில் வளர்ந்தவர். பரீட்சைக்கு மூன்று மாதம் முன்னால் அம்மா அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, 'ஜன்னலோரம் மேசையும் விளக்கும் போட்டுக்கொடுத்து, என் படிப்புக்கு வெளிச்சம் காட்டினார்' என்று எழுதியிருந்தார். அவருக்கும் பாப்பாவுக்கும் ஒரே வகுப்பு, ஒரே பரீட்சை. மேசை போனபிறகு பாப்பா சமையல்கட்டில் மாவு டின்னின் மேல் புத்தகத்தை வைத்துப் படித்தாள். கணக்கில் நாலு மார்க்கில் போயிற்று, மறு வருடம் எழுதித்தான் தேறினாள். எட்டாவதில் கடிகாரக் கடைக்காரர் எழுதியிருந்தார்: அம்மா கொடுத்த சைக்கிளில்தான் முதன்முதலில் வேலைக்குப் போனாராம். மணி மட்டும் சரியாக அடிக்காதாம். அடிக்காது, பாப்பா ஒரு தடவை கீழே விழுந்ததில் மணி நசுங்கியிருந்தது. பதினோராவதில் ஒரு பொம்மை. பதிமூன்றாவதில் ஒரு கம்பளி. பாப்பா அடித்துக்கொண்டே போனாள். காணாமல் போன சாமான்கள் எல்லாம் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று போலீஸ்காரன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பதுபோல் இருந்தது. ஒரு வித்தியாசம், யாரும் திருடவில்லை. எல்லாரும் நன்றியோடு இருந்தார்கள்.

பத்தொன்பதாவது கட்டுரை நர்ஸினுடையது. நாலாம் நம்பரில் குடிகார அப்பனிடம் அடிவாங்கி, பதினாலு வயதில், ஒரு மத்தியான வேளையில் உதடு கிழிந்து வந்து நின்றவள். அம்மா அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அவள் அப்பன் கத்திக்கொண்டு வந்தபோது, வாசலை அடைத்துக்கொண்டு நின்று, 'இனிமே இது என் பொண்ணு, உன்னால ஆனதைப் பாரு' என்றாள். சரக்கு ரயிலில் கார்டாக இருந்த பாப்பாவின் அப்பா அந்த வாரம் ஊரில் இல்லை; இருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அம்மாவைப்போல ஒரு மனுஷி கிடையாது என்று அன்றைக்கு பாப்பாவும்தான் நினைத்தாள். பெருமையில் அவளுக்கு மூச்சு முட்டியது. அன்று சாயங்காலமே அவளுடைய கட்டில் போயிற்று. நாலு வருடம் சமையல்கட்டில் பாய். 'எனக்குக் கட்டிலைக் கொடுத்தார். கண்ணீரைத் துடைத்தார். நர்சிங் பள்ளியில் இடம் வாங்கித் தந்தார். இன்று நான் தலைமை நர்ஸாக இருக்கிறேன் என்றால் அது அம்மா போட்ட பிச்சை.'

நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டது இரண்டு பேரும். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அம்மா பாப்பாவை மட்டும் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் போயிட்டா இங்க யாருடி? அதுக்குப் போக்கிடம் ஏது? உனக்குத்தான் நான் இருக்கேனே." பாப்பாவின் கடிதம் என்ன ஆயிற்று என்று ஒரு மாதம் தெரியவில்லை. பிறகு அலமாரியைச் சுத்தம் செய்தபோது, தட்டில் விரித்த தாள்களில் ஒன்றாக அது கிடந்தது. அதன்மேல் உப்பு ஜாடியை வைத்திருந்தாள் அம்மா. வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். கைக்குக் கிடைத்த தாளை விரித்திருப்பாள். பாப்பா துடைத்துவிட்டு அதே இடத்தில் ஜாடியை வைத்தாள். அப்புறம் கல்யாணம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் அம்மாவுக்கு வேறு யார் வீட்டிலோ கல்யாண வேலை இருந்தது.

முதலாளி அச்சகத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தார்: உள்ளது உள்ளபடி. 'செத்தவரைப் பொறந்தார்னு எழுதிக் குடுத்தாலும் அப்படியே அடி, அப்புறம் போன் போட்டுக் கேளு, நீயா கை வைக்காத' என்பார். பத்தொன்பது வருடத்தில் பாப்பா எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறாளே தவிர, யாருடைய எழுத்திலும் ஒரு சொல் சேர்த்ததில்லை. அன்றைக்கு நர்ஸின் கட்டுரையை முடித்துவிட்டு, மூன்றாவது கட்டுரைக்குத் திரும்பிப் போனாள். 'நீல மழைக்கோட்டை' என்பதற்கு முன்னால் கர்சரை வைத்தாள். கை தானாகப் போயிற்று என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கை தானாகப் போகவில்லை. நன்றாக யோசித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'பாப்பாவின்' என்று அடித்தாள். 'பாப்பாவின் நீல மழைக்கோட்டைப் போட்டுவிட்டார்.' படித்துப் பார்த்தாள். வாக்கியம் எங்கும் இடிக்கவில்லை. அந்தச் சொல் அங்கே முதலிலேயே இருந்து யாரோ பிடுங்கி எறிந்ததுபோல, அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது.

பிறகு பாப்பாவின் மேசை. பாப்பாவின் விளக்கு. பாப்பாவின் சைக்கிள். பாப்பாவின் பொம்மை. மொத்தம் பதினொரு இடம். பன்னிரண்டாவதாக, 'நர்சிங் பள்ளியில்' என்பதற்கும் 'இடம்' என்பதற்கும் நடுவில் கர்சர் ரொம்ப நேரம் சிமிட்டிக்கொண்டிருந்தது. பாப்பா அதை அப்படியே விட்டுவிட்டுச் சேமித்தாள்.

முப்பத்தோராம் பக்கத்தில் 'மகள்' என்று தலைப்பை அடித்தாள். கீழே ஒன்றும் வரவில்லை. அழுகையோ கோபமோ வந்திருந்தாலும் நாலு வரி தேறியிருக்கும். கடைசி நாலு மாதம் அம்மா படுக்கையில் கிடந்தபோது, மலஜலம் எடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, இப்போதாவது 'உனக்கு நான் இருக்கேன்' என்பது நடந்துவிட்டது என்று அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். காலையிலிருந்து ராத்திரிவரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்மாவின் முகம் ஒவ்வொருவரைக் கண்டும் மலரும். அவர்கள் போனதும் வாடும். வாடிய முகம் பாப்பாவுக்கு. கடைசி நாள் காலையில், அவள் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கண்ணைத் திறந்தாள். பாப்பா குனிந்தாள். "பதினோராம் நம்பர்ல யாருக்கோ காச்சல்னாங்களே, போய்ப் பாத்தியா?" என்றாள் அம்மா. அதற்கப்புறம் பேசவில்லை.

அம்மா போன பத்தாம் நாள் பாப்பா ஒரு குடை வாங்கினாள். அரக்குச் சிவப்பு, வளைந்த மரக் கைப்பிடி, விரித்தால் இரண்டு பேர் நிற்கலாம். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். மறுநாள் காலையில் எழுந்து போய்ப் பார்த்தாள். அது அங்கேயே தொங்கியது. அதற்கு மறுநாளும் தொங்கியது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பது இவ்வளவு பெரிய சந்தோஷம் என்று ஐம்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டு, உடனே அதற்காக வெட்கப்பட்டாள்.

புரூஃப் அனுப்பிய அன்றே அண்ணன் போன் செய்தான். "படிச்சேன் பாப்பா. அழுதுட்டேன். என் கட்டுரையில ரெண்டாவது பக்கத்துல ஒரு கால்புள்ளி விட்டுப்போச்சு, பாத்துக்கோ." மற்ற கட்டுரைகளை அவன் திறந்திருக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. முதலாளி மட்டும் முப்பத்தோராம் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "என்னம்மா, தலைப்புக்குக் கீழே காலியா இருக்கு?" "காலியாவே போகட்டும் சார்," என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அச்சாகி வந்தபோது அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. "காலியா விட்டா பிரஸ்ஸுக்குக் கெட்ட பேரும்மா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சந்து முனை ஹாலில், மலர் வெளியீட்டுக் கூட்டத்துக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். மேடையில் அம்மாவின் படம். படத்தில் இருந்தும் 'சாப்பிட்டியா' என்று கேட்பதுபோலத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். வானம் காலையிலிருந்தே மூட்டமாக இருந்ததால் பாப்பா குடையைக் கொண்டுவந்து கதவோரம் சாத்தினாள். எல்லார் கையிலும் மலர். எழுதியவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, தங்கள் பக்கத்தைப் படிப்பது என்று ஏற்பாடு.

டிரைவர் மூன்றாவதாக ஏறினார். மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். முந்தானையால் தலையைத் துவட்டியதுவரை குரல் ஓடியது. 'பாப்பாவின்' என்று படித்ததும் நின்றது. தாளைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பாப்பா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். இவர் இப்போது நிமிர்ந்து பார்ப்பார். ஹாலில் அவளைத் தேடுவார். தேடிப் பிடித்து, 'அது உன்னோடதா?' என்று கேட்பார். நாற்பது வருடமாகப் பாக்கி இருந்த ஒரே ஒரு கேள்வி. பதிலைக்கூட அவள் தயாராக வைத்திருந்தாள். 'ஆமா, பரவால்ல' என்று சொல்லிவிடுவாள். உண்மையாகவே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

டிரைவர் நிமிர்ந்தார். கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அம்மாவின் படத்தைப் பார்த்தார்.

"பாத்தீங்களா?" என்றார், மைக்கில் அழுகை கரகரக்க. "நான் எழுதறப்ப இது எனக்குத் தோணவேயில்ல. சொந்தப் பொண்ணு உடம்புல இருந்து கழட்டி, ஊரான் புள்ளைக்குப் போட்டுவிட்டிருக்காங்க. யாருக்குங்க வரும் இந்த மனசு?"

ஹால் கைதட்டியது. யாரோ விசும்பினார்கள். தலைமை ஆசிரியர் ஏறினார். அவர் விவரமானவர், முன்கூட்டியே தன் பக்கத்தைப் பார்த்துவைத்திருந்தார். "பெற்ற மகளின் மேசை. பெற்ற மகளின் விளக்கு. நன்றாகக் கவனியுங்கள், அவளுக்கும் அதே வருடம்தான் பரீட்சை!" என்று நிறுத்தி நிறுத்தி, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். "தன் பிள்ளை வேறு, ஊர்ப் பிள்ளை வேறு என்று பார்க்காத தாய்!" மறுபடி கைதட்டல். கடிகாரக் கடைக்காரர் சைக்கிளைச் சொல்லி அழுதார். ஒவ்வொரு 'பாப்பாவின்' வரும்போதும் அம்மா ஒரு அடி உயர்ந்தாள். கூட்டம் தொடங்கியபோது நல்லவளாக இருந்தவள், ஐந்தரை மணிக்கு மகானாகிவிட்டாள். சாதாரணமாகக் கொடுப்பதற்கும், மகளிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எல்லாருக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த மகள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எட்டாத உயரத்தில் கைவைக்க அம்மா ஏறி நின்ற முக்காலியாக பாப்பா இருந்தாள். முக்காலியை யார் பார்ப்பார்கள்.

அண்ணன் குனிந்து காதில் சொன்னான்: "இந்த டச் யாரோட ஐடியா? பிரமாதம் பாப்பா."

டீக்காக இடைவேளை விட்டார்கள். பாப்பா ஹாலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. நர்ஸ். நாற்பத்தொன்பது வயது, கட்டுக்கோப்பான உடம்பு, ஐம்பது பேரை வேலை வாங்குகிற முகம். கையில் மலரைப் பத்தொன்பதாவது கட்டுரையில் விரலை விட்டு மூடியிருந்தாள்.

"பாப்பாக்கா, நான் 'கட்டில்'னு மட்டும்தான் எழுதினேன்."

"ஆமா. நான்தான் சேத்தேன்."

"எல்லாருக்கும் நீங்கதான் சேத்தீங்களா?"

நர்ஸ் தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா. நாலு வருஷம் நீங்க சமையல்கட்டுல பாய் விரிச்சதைப் பாத்துட்டுத்தானே படுத்தேன்."

"பாத்துட்டு, ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"கேக்கக் கூடாதுன்னாங்க அம்மா." நர்ஸின் குரல் தணிந்தது. "'பாப்பாவே சந்தோஷமா குடுத்தா. ஆனா அதைப் பத்தி அவகிட்ட பேசிராத, அவளுக்குப் பிடிக்காது, கூச்சப்படுவா'ன்னு சொன்னாங்க. எனக்கு மட்டும் இல்ல. பொம்மை வாங்கின மாடி வீட்டுக்காரிகிட்டயும் அதேதான் சொல்லியிருக்காங்க. எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பாங்க."

பாப்பா தொட்டிக்குள் பார்த்தாள். தண்ணீரில் ஒரு இலை அசையாமல் கிடந்தது. இத்தனை வருடமும் ஊர் தன்னை மறந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மறதி ஒரு மாதிரி மன்னிக்கக்கூடியது. இது மறதி இல்லை. பக்கத்தில் வந்து பேசிவிடாதபடி அம்மா வீடு வீடாகப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். அப்படியானால் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. யாராவது ஒருவர் நன்றி சொல்ல வாயெடுத்தால், பாப்பா 'நான் குடுக்கலையே' என்று சொல்லிவிடுவாள் என்று பயந்திருக்கிறாள். தெரியாமல் செய்தாள் என்ற ஒரு சமாதானத்தை வைத்துத்தான் பாப்பா அம்மாவுக்கு நாலு மாதம் மூத்திரத் துணி மாற்றினாள். அதையும் இப்போது நர்ஸ் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"கட்டிலுக்குப் போட்டீங்க," என்றாள் நர்ஸ். "நர்சிங் சீட்டுக்குப் போடலையே. ஏன்?"

"போட்டிருந்தா உன்னால அதை மேடையில படிக்க முடியுமா?"

நர்ஸ் தலையை ஆட்டினாள். முடியாது என்றோ புரிகிறது என்றோ.

"உன்கிட்ட என்ன சொன்னாங்க? அதுக்கு?"

"நீங்களே விட்டுக்குடுத்ததாத்தான் சொன்னாங்க. மத்ததெல்லாம் பொய்னு கொஞ்ச நாள்ல தெரிஞ்சுபோச்சுக்கா. இதை மட்டும் நம்பிட்டேன்." அவள் மலரைப் பிரித்து, மறுபடி மூடினாள். "நம்பினாத்தான் போக முடியும்."

உள்ளே யாரோ மைக்கைத் தட்டினார்கள். நர்ஸ் பாப்பாவின் கையைத் தொட வந்தாள். பாப்பா அந்தக் கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மேடையில் நர்ஸின் முறை வந்தபோது, 'எனக்குப் பேச்சு வரல' என்று சொல்லி அவள் இறங்கிவிட்டாள். அதற்கும் கைதட்டினார்கள்.

கூட்டம் முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. சாரலாகத் தொடங்கிச் சட்டென்று கொட்டியது. எல்லாரும் ஹால் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு, மலரைத் தலைக்குப் பிடிக்கலாமா, பிடித்தால் அம்மா படம் நனையுமே என்று தயங்கி நின்றார்கள். பதினாலாம் நம்பர் அத்தை படிக்கட்டில் நின்றாள். எழுபத்தெட்டு வயது. நெஞ்சுச் சளிக்கு ஆஸ்பத்திரியில் கிடந்து போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் மலர். அண்ணன் அவளைப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். கதவோரம் சாத்தியிருந்த அரக்குச் சிவப்புக் குடை அவன் கண்ணில் பட்டது.

"அத்தை, நனையாதீங்க. இந்தாங்க, பிடிங்க." குடையை எடுத்து அத்தையின் கையில் வைத்தான். "பாப்பாவோடதுதான். அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

வாசலில் நின்றவர்கள் ஆளாளுக்கு முகம் மலர்ந்தார்கள். "அம்மா மாதிரியே," என்றார் டிரைவர். "அப்படியே அம்மா ரத்தம்."

அண்ணன் அந்தப் பாராட்டில் நனைந்துகொண்டே பாப்பாவின் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் அவள் கன்னத்தை ஏந்தினான். "உனக்கென்ன பாப்பா. உனக்குத்தான் நான் இருக்கேனே. கார்ல கொண்டுவிட்டுடறேன்."

பாப்பா அவன் கைகளை விலக்கினாள். படியிறங்கி வந்து, குடையின் மரக் கைப்பிடியைப் பிடித்தாள். அத்தையின் விரல்கள் அதில் இருந்தன. எலும்பும் தோலுமாக, ஜில்லென்று இருந்தன.

"குடுங்க அத்தை."

அத்தைக்குப் புரியவில்லை. விரித்துத் தரத்தான் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தாள்.

"இது என் குடை," என்றாள் பாப்பா. அவள் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. "எனக்கு வேணும்."

"பாப்பா, என்னது இது, எல்லாரும் பாக்கறாங்க" என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது கேட்டது. அப்போதுதான் முதல் தடவையாக இருபத்திரண்டு வீட்டுக் கண்களும் அவளைப் பார்த்தன. அத்தை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். "பரவால்லம்மா," என்றாள். சொல்லும்போதே இருமல் வந்து, வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள்.

பாப்பா குடையை விரித்தாள். நன்றாகப் பெரிய குடைதான். மழைக்குள் இறங்கி, கேட்வரைக்கும் நடந்தாள். அங்கே நின்றாள். சந்துக்குள் திரும்பவேண்டும், கால் திரும்பவில்லை. பின்னால் இருமல் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. இருமுவது யார், எத்தனை நாளாக இருமல் என்று அவளுக்குத் தெரியும். படியில் நின்றவர்கள் யாரும் அசையவில்லை. குடைக்குக் கீழே அவளுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு, மழை விழாத இடம் காலியாகக் கிடந்தது. அதன் விளிம்பில் மழைத்தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.